ஒத்தக் கேமராவும் ஆடுத இடுப்பும்

ஏலே பேராண்டி, முப்பரிமாணப் படம் எடுக்க ரெண்டு லென்ஸ் வச்ச பழைய ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராதான் வேணும்னு உங்கப்பன்கிட்ட அடம் புடிக்கியாமே? 1947ல அமெரிக்காக்காரன் விக்க ஆரம்பிச்சது. நல்ல கேமராதான். வாங்கிக்கோ, உங்கப்பன் துட்டுதானல. ஆனா உன் கழுத்துல தொங்குத ஃபிலிம் கேமராவுக்கு என்ன கொறச்சல்? உனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்குல்லா?

காலை அகட்டி நில்லு. பாரத்த இடது கால்ல போட்டு ஒரு கிளிக். ஃபிலிம சுத்து. பாரத்த வலது காலுக்கு மாத்தி இன்னொரு கிளிக். இடது கண்ணுக்கு ஒண்ணு, வலது கண்ணுக்கு ஒண்ணு, முடிஞ்சது சோலி. வெள்ளைக்காரன் இதுக்கு 'ச்சா ச்சா'ன்னு ஆட்டத்துப் பேரையே வச்சிருக்கான். நீ கரகம்னு வச்சுக்கோ. தலையில செம்பு நிக்கித மாதிரி கேமரா பக்கவாட்டுல மட்டும் நகரணும். ஏறி இறங்கினா பாக்குதவன் கண்ணு வலிக்கும்.

எம்புட்டு நகரணும்னு கேக்கியா? நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ரெண்டரை அங்குலம். கேமராவுக்கு வேற கணக்கு: படத்துல ரொம்பக் கிட்ட இருக்கதோட தூரத்துல முப்பதுல ஒரு பங்கு. பத்தடியில கல்தூணா, நாலு அங்குலம். ஒரு அடியில செம்பருத்தியா, அரை அங்குலம்கூட வேண்டாம். அங்க போயி இடுப்பாட்டினா பூ ரெண்டாத்தான் தெரியும், உங்க சின்னத்தாத்தா சாயங்காலம் பாக்காரே, அப்படி. முன்னால ஒண்ணுமே இல்லாம தூரத்து மலை மட்டும்னா பத்தடிகூட நடந்து போயி எடு. மலை பொம்மையாச் சுருங்கித் தெரியும், அதுவும் ஒரு வேடிக்கைதான்.

தூண நடுவுல கொண்டாரேன்னு கேமராவத் திருப்பாத. ரெண்டு தடவையும் ஒரே பக்கம் பாக்கட்டும். வெளிச்சக் கணக்கு, ஃபோகஸ் எதையும் நடுவுல தொடாத. எப்பவும் இடதுதான் முதல்ல. மாத்திப் போட்டா மேடு பள்ளமாயிரும், மூக்கு உள்ள போயிரும். 36 படச் சுருள்ல 18 ஜோடி, கை அரிப்ப அடக்கு.

அசையுததக் குறி வைக்காத. இலை, அலை, ஆட்டுக்குட்டி எதுவும் உனக்காக நிக்காது. பொறுமைக்காரனுக்கு வேற கத: 1850கள்லயே வாரன் டி லா ரூன்னு இங்கிலாந்துக்காரன் ஒருத்தன் நிலாவையே இப்படிப் பிடிச்சான். நிலா நம்மளப் பாத்தபடியே லேசா முகத்த ஆட்டும்லா? ஒரு படம் எடுத்துட்டு, அதே பிறையில மூஞ்சி கொஞ்சம் திரும்புத வரைக்கும் மாசக்கணக்குல காத்துக் கிடந்து அடுத்தத எடுத்தான். அவன் இடுப்ப ஆட்டவே இல்ல, நிலாவ ஆட விட்டுட்டான். நீ பஸ்ஸுக்கே காத்து நிக்க மாட்ட.

மொதல்ல மண்டபத் தூண எடுத்துப் பழகு. பெறகு ஆளு வேணும்னா உங்க ஆச்சி இருக்கா. என்கூடச் சண்ட போட்டுட்டு திண்ணையில உம்முன்னு உக்காருவா பாரு, அப்பப் போ. ரெண்டு என்ன, முழுச் சுருளும் எடுக்கலாம், இம்மி அசைய மாட்டா. சண்டைக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன்.