குளியலறையில் ஈஸ்ட்மென் கலர்

பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டைக்குக் குடிவந்தால் சினிமாவோடு கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும். பிக் பாஸ் வீடு இருக்கும் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி பக்கத்திலேயே இருக்கிறது. அமாவாசையன்று வானத்தில் வெளிச்சம் தெரிந்தால் எங்கள் தெருவில் யாரும் பதறுவதில்லை. ஏதோ நைட் கால்ஷீட் என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கெல்லாம் இப்போது டிஜிட்டல் கேமரா. சினிமா நெகட்டிவ் கழுவப்படுவது எங்கள் வீட்டுக் குளியலறையில்.

கழுவுகிறவன் என் அக்கா மகன். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் படிப்பதால் எங்களோடு தங்கியிருக்கிறான். படிப்பது மெக்கானிக்கல், வீட்டில் நடத்துவது கெமிக்கல். கோடாக் விஷன்3 என்ற சினிமா ஃபிலிமைத் துண்டு போட்டு, பழைய ஸ்டில் கேமராவில் அடைத்துப் படம் எடுக்கிறான். ஒரு சுருளுக்கு 36 படம். அதே நீளம் சினிமா கேமராவில் மூன்றரை நொடியில் ஓடிவிடும். நம் ஹீரோ காரிலிருந்து ஒரு காலைத் தரையில் வைப்பதற்குள் தீர்ந்துபோகும் சரக்கு. இவனோ அதை வைத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, வெளிவட்டச் சாலை மேம்பாலத்தடி, டீக்கடை மாஸ்டர் என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக எடுக்கிறான்.

“ஸ்டூடியோவில கொடுத்துக் கழுவ வேண்டியதுதானேடா?” என்றேன்.

“வாங்க மாட்டாங்க மாமா. பின்னாடி கரி இருக்கு.”

நிஜமாகவே இருக்கிறது. அதற்கு ரெம்ஜெட் என்று பெயர். நொடிக்கு 24 படம் வீதம் ஃபிலிம் ஓடும்போது வெளிச்சம் பின்பக்கம் பட்டுத் திரும்பாமலும், உராய்ந்து மின்பொறி கிளம்பாமலும், கீறல் விழாமலும் இருக்க முதுகில் பூசிய கரிப்பூச்சு. பிரசாத், ஜெமினி, விஜயா என்று சென்னையில் கலர் லேப்கள் ஓகோவென்று ஓடிய காலத்தில் அதைப் பீய்ச்சித் தேய்த்து எடுக்க மிஷின் இருந்தது. 2012இல் கோடாக் திவால் மனு போட்டது, 2013இல் ஃபூஜி சினிமா ஃபிலிமையே நிறுத்தியது, படக்காரர்கள் டிஜிட்டலுக்குப் போனார்கள். மிஷினின் வேலை எங்கள் வீட்டு ஸ்பாஞ்சுக்கு வந்து சேர்ந்தது.

கரியை இளக்க வெங்காரமும் சலவை சோடாவும் வேண்டும் என்றான். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வெங்காரமா? உனக்கு நாக்குல மாவு படிஞ்சப்போ அதைத்தான் பொரிச்சுத் தேன்ல குழைச்சுத் தடவினேன். உன் ஃபிலிமுக்கும் நாக்குல புண்ணாடா?”

“முதுகுல, ஆயா.”

முதலில் சுருளை டேங்கில் ஏற்ற வேண்டும். சினிமாவில் காட்டும் சிவப்பு பல்பு கருப்பு-வெள்ளைப் பிரிண்டுக்குத்தான். கலர் நெகட்டிவுக்கு எந்த வெளிச்சமும் ஆகாது. எங்கள் வீட்டில் சாமி அறை சீரோ வாட் பல்பை அணைக்க அம்மா சம்மதிக்கவே மாட்டாள். ஆகவே கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டு, கண்ணை விட்டத்தில் நிறுத்தித் துழாவுகிறான். சினை பார்க்கும் கால்நடை மருத்துவரின் முகம் அப்போது அவனுக்கு வந்துவிடுகிறது. குறுக்கே பேசினால் கோபம் வேறு.

அடுத்தது சூடு. சாதாரணக் கலர் ஃபிலிமுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரி. சினிமாவுக்கான ஈசிஎன்-2வில் 41.1 டிகிரி, மூன்று நிமிடம். கோடாக் கணக்குப்படி 0.1 டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. குளிர் நாட்டுக்காரர்கள் தண்ணீரைச் சூடேற்றத் தனிக் கருவி வாங்குகிறார்கள். நசரத்பேட்டையில் கத்திரி வெயிலில் மொட்டை மாடி டேங்க் தண்ணீரை ஆறவைக்கத்தான் ஆள் வேண்டும். அம்மா பக்கெட்டில் விரலை விட்டு, “இன்னும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணி ஊத்துடா” என்பாள். பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்து ஊற்றிய விரல். அவன் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் ஊற்றுவான்.

வெங்காரத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டும்போது பார்க்க வேண்டும். மைக்கறுப்பில் ஒரு ஓட்டம். அப்புறம் சாம்பல் நிறம். அப்புறமும் பொடிப்பொடியாகக் கரி. எல்லாம் முடிந்தபின் ஈர ஸ்பாஞ்சால் முதுகுப்பக்கம் மட்டும் துடைக்கிறான். விரல் தவறி மறுபக்கம் பட்டால் டீ மாஸ்டர் முகத்தில் தழும்பு. கரி அத்தனையும் டைல்ஸ் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ள, “என்னங்க, இது பாத்ரூமா, செங்கல் சூளையா?” என்று என் மனைவி என்னைத்தான் கேட்கிறாள்.

கரியைக்கூடப் பொறுத்தாள். ஃபிலிமுக்கான பிளீச் டப்பாவில் ‘பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு’ என்று படித்த அன்றுதான் வீடு ரெண்டுபட்டது. “சும்மா இருந்தா ஒண்ணும் பண்ணாது அத்தை, கடுமையான ஆசிட்ல பட்டாத்தான் விஷவாயு வரும்” என்று பையன் சமாதானம் சொன்னான். அந்த டப்பாவுக்கு ஒரு முழம் தள்ளி பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டில். அன்றே அந்த ஆசிட்டை வீட்டைவிட்டு நாடு கடத்தினேன்.

இவ்வளவுக்கும் அம்மாவிடமிருந்து எதிர்ப்பே இல்லை. காரணம், நான் சொன்ன ஒரு தகவல். 1950இல் கோடாக் கொண்டுவந்த ஈஸ்ட்மென் கலர் நெகட்டிவின் வம்சம்தான் இந்த ஃபிலிம். 1964இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தது அந்த ஈஸ்ட்மென் கலரில்தான். அதைக் கேட்டதிலிருந்து பேரன் குளியலறைக்குள் இருந்தால் யாரும் கதவைத் தட்டக் கூடாது. அவசரக்காரர்கள் பக்கத்து வீட்டுக்குப் போகலாம்.

கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் ஃபிலிமில் உப்புப் புள்ளி வைத்துவிடுகிறது. சென்னைக்கே குடிநீர் தரும் ஏரி பக்கத்தில். நாங்கள் கேனுக்குப் போன் செய்கிறோம். காய்ந்த நெகட்டிவை என் மனைவி ஜன்னலில் பிடித்துப் பார்த்து, “எல்லாம் ஆரஞ்சா இருக்கே?” என்றாள். அதை ஸ்கேன் செய்து, நிறம் திருப்பி, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். ஏரிக்கரை அந்திவெயில் அப்படியொரு அழகு. அவன் அப்பா உடனே பதில் போட்டார்: “நல்ல ஃபில்டர். எந்த ஆப்?”

2025இல் கோடாக் ரெம்ஜெட் இல்லாத விஷன்3யை அறிவித்துவிட்டது. ஆனால் பழைய சரக்கு இன்னும் பலர் கையில் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாதாரண ஃபிலிம் என்று சொல்லி அதை ஸ்டூடியோவில் தள்ளிவிடாதீர்கள். அந்தக் கரி சி-41 மிஷினில் இளகி, அடுத்து வரும் சுருள்களில் ஒட்டிக்கொள்ளும். அதில் யார் வீட்டுக் கல்யாணமாவது இருக்கும்.