வீட்டுக்குத் தண்ணீர் காட்டியாச்சு

டாலஸ்,
ஜூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிறு பேசும்போது சின்னவள், "வீட்டுக்குத் தண்ணி விடணும், அப்புறம் பேசறேன் ஆச்சி" என்று ஓடிவிட்டாள். அம்மா என்னிடம், "ஏய்யா, புது வீட்டை ஒரு மாசம் நனைச்சாப் போதாதா? இருபது வருஷத்து வீட்டை இன்னுமா நனைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம், இன்னும் நனைக்கிறோம். டாலஸைச் சுற்றி இருப்பதும் கரிசல்தான் அப்பா. ஒரு காலத்தில் பருத்தி விளைந்த பூமி. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் ஒரே கான்கிரீட் தளத்தைப் போட்டு வீட்டைக் கட்டிவிட்டார்கள். ஜூலையில் மண் தளத்தை விட்டு விலகும். ஒரு பக்கம் இறங்கினால் கதவு சாத்தாது. அதனால் அஸ்திவாரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, உடம்பெல்லாம் நுண்துளை உள்ள ரப்பர் குழாயை வீட்டைச் சுற்றிப் போட்டிருக்கிறோம். சொட்டுச் சொட்டாகக் கசியும்.

நகரச் சட்டம் அதைவிட விசேஷம். ஸ்பிரிங்ளர் போட வாரத்தில் இரண்டே நாள். எங்கள் கதவு எண் இரட்டைப்படை, ஆகவே வியாழனும் ஞாயிறும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 10 மணியிலிருந்து மாலை 6 வரை அதுவும் கூடாது. கசிகிற குழாய்க்கு மட்டும் நாள் கிழமை கிடையாது. புல் வாடிக் கிடக்க, வீடு வேளாவேளைக்குக் குடிக்கிறது. எதிர்வீட்டுக்காரர் வெளியூர் போனால், நாய்க்குச் சோறு, வீட்டுக்குத் தண்ணீர் என்று சொல்லிச் சாவியைத் தருகிறார். உங்கள் மருமகள் இப்போதெல்லாம் நான் காபி குடித்தேனா என்று கேட்பதில்லை. "வீடு குடிச்சாச்சா?"

பிள்ளைகளுக்கு ஆகஸ்டில்தான் பள்ளி. பெரியவன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஜன்னலில் வைத்தான். மணல் உடனே அடியில் உட்கார்ந்தது; களி நாள்கணக்கில் கலங்கியே நின்றது. அடங்கியபின் ஸ்கேல் வைத்து அளந்து, பாதிக்கு மேல் களி என்று எனக்குப் பாடம் எடுத்தான். தாத்தா ஈரமண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார் என்றேன். "வரட்டும், சரிபார்க்கலாம்" என்கிறான்!

சின்னவளின் பொம்மைக் கார் வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. நம் மேலக்காட்டு வெடிப்பில் என் கோலிக்குண்டு போனபோது நீங்கள் சொன்னதையே சொன்னேன்: மழைக்கு முன்னால் எடுத்தால் உண்டு, அப்புறம் மண் வாயை மூடிக்கொள்ளும். மருமகள் அடுப்படி இடுக்கியோடு வந்து மீட்டாள். எனக்குத்தான் அந்த வெடிப்பை விட்டு எழுந்துவர மனசில்லை.

முருங்கை நடக் குழி வெட்ட வேண்டும். அதற்கு முன், மண்ணுக்குள் போகும் கம்பி, குழாய்களைக் குறித்துத்தர 811க்குப் போன் போடணும்; போட்டேன். ஆட்கள் வந்து கரண்டுக்குச் சிவப்பு, கேஸுக்கு மஞ்சள், டெலிபோனுக்கு ஆரஞ்சு என்று கொடி நட்டுப் போனார்கள், இலவசமாக. ஒரு முருங்கைக்காகத் தோட்டம் கட்சி மாநாட்டுத் திடல் மாதிரி ஆகிவிட்டது.

ஏப்ரலில் நீங்கள் வருவதால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். முன்வாசலில் நிற்பது சாட்சாத் அருகு. நீங்கள் கோடை உழவு போட்டு, வேர் வேராகப் பொறுக்கி வரப்பில் காயவைத்த அதே அருகு. இங்கே பெர்முடா புல் என்று பாயாகச் சுருட்டி விற்கிறார்கள். உரம் வேறு போடுகிறோம். கொஞ்சம் உயர்ந்தால் காலனிச் சங்கம் கடிதம் போடுகிறது. மழை பெய்த வாரத்தில் எவன் வெட்டுவான் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. விடிகாலையில் எழுந்தால் உங்கள் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். தயவுசெய்து பிடுங்கிவிடாதீர்கள். அதற்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்