உலாவியின் ஊமைத்தனம்: ஒரு சிற்றாராய்ச்சி

பெங்களூரில் ஓசையின்மை என்ற பொருளை ஆராய விரும்புவோர் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி எங்கும் போக வேண்டியதில்லை. மடிவாளாவில் அறை எடுத்து, லினக்ஸ் போட்ட கணினியின் உலாவியில் ஃபிளாஷ் செருகுநிரலைத் திறந்தாலே போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு.

அன்று லினக்ஸில் ஒலியைக் கையாளும் துறையில் மதங்கள் மூன்று. ஓஎஸ்எஸ் பழையது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு ஆல்சா பட்டத்துக்கு வந்தது. லினக்ஸ் வழங்கல்களான ஃபெடோரா 8 (2007), உபுண்டு 8.04 (2008) இரண்டும் அதன் தலைமேல் பல்ஸ்ஆடியோவை ஏற்றி உட்காரவைத்தன. சத்தம் வராவிட்டால் செருகுநிரல் பல்ஸைக் கைகாட்டும், பல்ஸ் ஆல்சாவை, ஆல்சா சவுண்டு கார்டை. எஸ்.பி. ரோட்டில் புது கார்டு விற்பவர் மட்டும் எவரையும் குறை சொல்வதில்லை. ‘லினக்ஸ் பெங்களூர்’ என்று 2001-ல் தொடங்கி, 2005-ல் ஃபாஸ்.இன் எனப் பெயர் மாறிய மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள் இந்த உறவுமுறையைப் படம் போட்டே விளக்குவார்கள். படம் புரியும், பாட்டு வராது.

மூல வழக்கு 2010 இறுதியில் ஃபெடோரா 14-ல் எழுந்தது. 64-பிட் ஃபிளாஷில் பாட்டு கரகரத்தது. நினைவகத்தில் பைட்டுகளை நகலெடுக்க மெம்காப்பி என்றொரு செயற்கூறு உண்டு. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அது ஆகாது, மெம்மூவ்தான் வேண்டும் என்பது சி மொழியின் விதி. ஃபிளாஷ் விதியை மீறியே வந்தது. நகல் முன்னாலிருந்து நடந்தவரை யாருக்கும் தெரியவில்லை. மெம்காப்பியைத் தரும் சி நூலகமான ஜிலிப்சியின் புது வடிவம் வேகம் கருதிச் சில செயலிகளில் பின்னாலிருந்து நகலெடுக்கத் தொடங்கியதும் குட்டு உடைந்தது.

குற்றம் ஃபிளாஷுடையது என்றது ஒரு கட்சி. விதி யார் பக்கம் என்று பார்ப்பது பயனரின் வேலையா, நேற்றுக் கேட்ட பாட்டு இன்றும் கேட்க வேண்டாமா என்று மறுகட்சி கட்டியவர் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். தாமே சிறிய மெம்காப்பி ஒன்றை எழுதி, நிரல் ஓடும்போது வேறு நூலகத்தை முன்னதாக ஏற்றும் எல்டி பிரீலோடு வழியாகப் புகுத்தவும் வழி சொன்னார். 2011-ல் வந்த ஜிலிப்சி 2.14, பழைய நிரல்கள் மெம்காப்பியைக் கூப்பிட்டால் ஓசைப்படாமல் மெம்மூவை அனுப்பிவைத்தது. இரு கட்சிக்கும் வெற்றி. பாகப்பிரிவினை வழக்கு எதுவும் இப்படி முடிந்து நான் கேட்டதில்லை.

2017 மார்ச்சில் மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் 52, ஆல்சாவையும் ஃபிளாஷ் நீங்கலான பழைய செருகுநிரல்களையும் ஒரே மூச்சில் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷும் இல்லை. ஊமைத்தனம் இருக்கிறது. எனவே வாசகர் முதலில் டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறந்து, மாஸ்டர் கம்பத்தின் அடியில் ‘எம்எம்’ என்றிருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் எம் விசையை அழுத்தவும். இல்லையென்றால், பெரும்பாலும் ஒலி எச்டிஎம்ஐ வழியாக ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும்.