சரத் ருதுவும் ஜிகினாத் தாளும்

ஆடியில் கலியாணம் கூடாது. மார்கழியில் கூடவே கூடாது. புரட்டாசியிலும் எங்கள் பக்கத்தில் பலர் தயங்குவார்கள். ஆகவே ஆவணியில் ஜாதகம் பொருந்திவிட்ட பெண்ணைப் பெற்றவர், தை பிறக்கும் வரை பொறுத்திருக்கும் மனத்திட்பம் இல்லாதவராயின், ஐப்பசி முகூர்த்தத்தில் போய் விழுவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. என் தமையனார் அவ்வாறே விழுந்தார். தீபாவளிக்கு முன்பே முகூர்த்தம் வைத்தால் தலை தீபாவளிச் செலவும் அதே மாதத்தில் வந்து கழுத்தைப் பிடிக்குமே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு செலவையும் ஒரே அழுகையா அழுதுட்டாப் போச்சுடா" என்று அவர் சொன்னதில் ஒரு வேதாந்தப் பக்குவம் தென்பட்டதால், நான் மேற்கொண்டு வாதிக்கவில்லை.

ஐப்பசியையும் கார்த்திகையையும் வாத்தியார் ஸங்கல்பத்தில் சரத் ருது என்பார். காளிதாசன் ருது ஸம்ஹாரத்தில் வர்ணிக்கும் சரத்தோ, மேகங்கள் வெளுத்து, ஆகாயம் நிர்மலமாகி, நாணல் பூத்து, இரவெல்லாம் நிலவு பொழியும் காலம். வடக்கே அது மெய்தான். காவேரிக் கரையிலோ, ஐப்பசி பிறக்கும் அக்டோபர் 17, 18-ஆம் தேதியை ஒட்டி வடகிழக்குப் பருவமழை வந்து சேர்ந்து, வருஷ மழையின் பெரும்பங்கை மார்கழிக்குள் கொட்டித் தீர்ப்பதென்று சபதம் செய்துகொள்கிறது. வாத்தியார் பந்தலுக்குள் சரத் ருதுவை ஸ்பஷ்டமாக உச்சரித்துக்கொண்டிருக்கையில், பந்தலுக்கு வெளியே வர்ஷ ருது ஓங்காரமிடும். தொல்காப்பியர் நம் நாட்டுக்காரர், விஷயம் தெரிந்தவர். இக்காலத்தைக் கூதிர் என்று கண்டு, தலைவனும் தலைவியும் கூடுகின்ற குறிஞ்சிக்கு அதை உரிமையாக்கி வைத்தார். அத்தனை சூக்ஷ்மமாக யோசித்த அப்பெரியவர் கிரேப் தாளைப் பற்றி ஒரு சூத்திரம் செய்யாது விட்டதுதான் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த துர்ப்பாக்கியம்.

கலியாணம் மாயவரத்தில். துலா மாதத்தில் அவ்வூரில் வீடு வைத்திருப்பவனுக்கு உறவினர் பஞ்சம் ஒருநாளும் ஏற்படாது. துலா கட்டத்தில் ஒரு முழுக்கும் எங்கள் வீட்டில் மூன்று வேளை போஜனமுமாகப் புண்ணியம் சேர்க்க வந்தவர்கள், கடைமுழுக்கு முடியாமல் போவதற்கில்லை என்று தீர்மானித்திருந்தார்கள். இவ்வளவு பேரையும் கண்ணால் அளந்து பார்த்த எங்கள் அத்தை, அலங்காரச் சாமான் ஒன்றையும் கடையில் வாங்கலாகாது என்று ஆக்ஞை பிறப்பித்தாள். "ஜிகினா ஒட்டறதுக்கு நம்மாத்துலே கையில்லாமலா போயிடுத்து?" கையில்லாமல் போகவில்லை, கைகள் மிகுதியாயிருந்ததே ஆபத்து.

மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கத் துருசும் கலந்து, ஒரு குண்டான் நிறையப் பசை சித்தமாயிற்று. ஆனால் பசை என்பது உலர்ந்தால்தான் ஒட்டும். உலர்வது என்ற காரியமோ அந்த மாதத்தில் மாயவரத்தில் ரத்து செய்யப்பட்டிருந்தது. ஒட்டிய பூ மாலையில் நழுவும். நழுவிய பூவை மறுநாள் வேறொருவர் வேறோரிடத்தில் ஒட்டுவார். கடைசியில் குமுட்டி அடுப்புகளை வரிசையாக மூட்டி, அவற்றின்மேல் விசிறிகளையும் காகிதச் சரங்களையும் காட்டி உலர்த்தினார்கள். சிக்கனத்தை உத்தேசித்துத் தொடங்கிய அந்தக் கைத்தொழிலில், கரிக்கு ஆன செலவை மட்டும் கூட்டிப் பார்க்கக் கூடாதென்று தமையனார் என்னைக் கேட்டுக்கொண்டார். ஆரத்தித் தட்டில் சாயம் ஏற்றிய ஜவ்வரிசியால் ஒரு மயிலை உருவாக்கியிருந்தாள் அத்தை. வெகு லக்ஷணமான மயில். ஈரம் பட்டுப் பட்டு ஜவ்வரிசி ஊதி, கழுத்தும் உடலும் ஒன்றாகி, அது நாளடைவில் பருந்து ஜாதியை அடைந்தது. தோகைப் பகுதியைச் சிற்றெறும்புகள் சுமந்துகொண்டு போயின.

பருப்புத் தேங்காயின் சரித்திரம் இன்னும் சோகமானது. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தாம்பாளத்தில் எறிந்தால் 'டண்' என்று கேட்கவேண்டும். அப்போது மனோகரத்தைப் போட்டுக் கிளறிக் கூட்டில் அடைத்தால், கூட்டை எடுத்த பிறகும் நிமிர்ந்து நிற்கும். 'டண்' என்றுதான் கேட்டது; அதற்கு நானும் சாக்ஷி. ஆயினும் வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை விடாமல் குடிக்கும் குணமுடையது. ஜிகினாத் தாள் சுற்றி, உச்சியில் பூவும் செருகி வைத்த அந்த ஜோடி, விருந்துண்ட சம்பந்தி திண்ணையில் சாய்வதுபோல், ராத்திரியோடு ராத்திரியாக மெல்ல மெல்ல ஒருபக்கமாகச் சரிந்து அமர்ந்துவிட்டது.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பந்தல்காரர் வந்தார். தலையில் ஒரு கோணிச் சாக்கு, இடுப்பில் அரிவாள். குலை தள்ளிய வாழை இரண்டை வாயிலில் நிறுத்தினார்; குருத்தோலையை மடித்துக் கிழித்துக் கிளிகளாக்கித் தொங்கவிட்டார்; மாவிலையைச் சரமாக்கிக் கட்டினார்; பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார். மழை பெய்யப் பெய்ய வாழை பளபளத்தது. மாவிலையில் பச்சை ஏறியது. அந்த வாயிலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். நம் முன்னோர்கள் அழகுணர்ச்சி மட்டும் அல்ல, வானிலை அறிவும் உடையவர்கள் என்பது என் அபிப்பிராயம். அதை அத்தையிடம் வெளியிடும் தைரியம் எனக்கு இல்லை.

மறுநாள் காலை காசி யாத்திரை. நான் பார்த்த கலியாணங்களில் எல்லாம் அந்தக் குடை ஒரு சம்பிரதாயம், வெயிலும் இராது, மழையும் இராது, மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடப்பார், மாமனார் மறிப்பார். எங்கள் குடைக்கோ, தன் பிறவிப் பயனை அடையும் சந்தர்ப்பம் அன்று வாய்த்தது. விளிம்பு முழுவதும் சிவப்புக் கிரேப் தாளில் அத்தை சுருக்கு வைத்துத் தைத்திருந்தாள். தடியும் விசிறியும் புஸ்தகமுமாக மாப்பிள்ளை வாசற்படி இறங்கியதுதான் தாமதம், மழை பிடித்துக்கொண்டது. கிரேப் சுருக்கு முதலில் நனைந்தது, பிறகு தொங்கிற்று, பிறகு சொட்டிற்று. தமையனார் எதிரே நின்று, கன்னிகாதானம் செய்து தருகிறேன், காசிக்குப் போகவேண்டாம் என்று பிரார்த்திக்க, அதை மாப்பிள்ளை கம்பீரமாகக் கேட்டு முடிப்பதற்குள், புதுப் பஞ்சகச்சத்தில் முழங்கால் வரை செவ்வானம் பரவிவிட்டது. மாப்பிள்ளை காசிக்குப் போகாமல் திரும்பினார். வேஷ்டிதான் பிற்பாடு சலவைக்குப் போய், பழைய நிறத்துக்கு இன்றுவரை திரும்பவில்லை. சம்பந்தியம்மாள் வாய் திறக்குமுன், "சிவப்பு மங்களம், போட்டோவிலே எல்லாம் கறுப்பும் வெளுப்புந்தானே" என்று அத்தை முந்திக்கொண்டாள்.

சாயங்காலம் நலங்கு. மஞ்சளும் குங்குமமும் குழைத்து அப்பளங்களில் அத்தை தாமரை தாமரையாக எழுதி வைத்திருந்தாள். பெண் ஓர் அப்பளத்தை எடுத்து மாப்பிள்ளையின் தலையைச் சுற்றி மோதினாள்; ஊர் கூடி ஆரவாரம் செய்யக் காத்திருந்தது; நமுத்த அப்பளம் சத்தமின்றி மடிந்து அவர் தலைமேல் குல்லாயாக உட்கார்ந்தது. மாப்பிள்ளை பதிலுக்கு மோதியதும் அவ்வாறே. ஒன்றும் உடையாதபடியால் ஜயித்தது யார் என்று இரு கட்சியாரும் இரைந்து தர்க்கம் செய்துகொண்டிருக்கையில், அத்தை நடுவே புகுந்து, தாமரை துளியும் கலையாதிருந்த அப்பளங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையால் ஒற்றி, சம்புடத்தில் போட்டு மூடிவிட்டாள். தையில் அவள் பேத்திக்குக் கலியாணமாம்.