தேனீப் பெட்டி: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி (குழித்துறை வாசகர்): கொல்லையில் ஒரு தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். தினமும் திறந்து பார்த்தால் என்ன?

பதில்: தாராளமாகப் பாருங்கள். சீக்கிரமே காலிப் பெட்டியையும் பார்ப்பீர்கள். நம்மூர் இந்தியத் தேனீ ரோஷக்காரி. தொல்லை பொறுக்காவிட்டால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவாள். பத்து நாளுக்கு ஒரு தடவை, மழையில்லாத காலை வெயிலில் திறந்தால் போதும். மற்ற நாள்களில் வாசலைக் கவனியுங்கள். பின்னங்காலில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் நுழைந்துகொண்டே இருந்தால் உள்ளே பிள்ளை வளர்ப்பு நடக்கிறது.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): ராணியைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள், ஆனால் முட்டையைப் பார்ப்பதற்காக. முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். ஆகவே அறைக்கு ஒன்றாக, அடியில் நட்ட மாதிரி முட்டை நின்றால், மூன்று நாளுக்குள் அம்மையார் அங்கே வந்து போயிருக்கிறார். தரிசனத்துக்காக அடைகளைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால்தான் வில்லங்கம்: ராணி இல்லை, பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. அவற்றிலிருந்து ஆண்கள் மட்டுமே வருவார்கள். ஆண்களை மட்டும் நம்பி எந்தக் குடும்பம் நடந்திருக்கிறது?

கேள்வி (குலசேகரம் வாசகர்): மூடிய அறைகளில் ஓட்டை தெரிகிறது. நோயா?

பதில்: எந்த ஓட்டை என்பதுதான் கேள்வி. ஆண் தேனீயின் அறை சற்றுப் பெரியது. அதன் மூடி கூம்பாக உப்பி, நடுவில் ஒரே ஒரு ஊசித் துளையோடு இருக்கும். இந்தியத் தேனீ கட்டும் முறையே அதுதான், பயப்படாதீர்கள். ஆண் அறைகள் பெருகினால் குடும்பம் பிரியப் போகிறதோ என்று சந்தேகப்பட்டு, அடையின் கீழ் விளிம்பில் ராணி அறை தொங்குகிறதா என்று பாருங்கள்.

பயப்பட வேண்டிய ஓட்டை வேறு. பணித்தேனீ அறைகளின் தட்டையான மூடிகள் தாறுமாறாகக் கடிபட்டு, உள்ளே புழு தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் நீர் நிறைந்த பையாக வரும். அது தாய்லாந்து வகை சாக்புரூட் வைரஸ். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது இதுதான். வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் கலந்து ஊட்டுவது வீண்செலவு, தேனும் கெடும். நோய் கண்ட அடையை எடுத்து எரித்துவிடுங்கள். அந்தப் பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். கையையும் கத்தியையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொடாதீர்கள். இந்த நோயில் தப்பிப் பிழைத்த குடும்பத்திலிருந்து புது ராணி வளர்ப்பதே உருப்படியான வழி.

கேள்வி (தக்கலை வாசகி): நியூட்டன் பெட்டி என்கிறார்களே, ஐசக் நியூட்டன் செய்ததா?

பதில்: அவர் ஆப்பிளோடு நிறுத்திக்கொண்டார். இவர் 1910களில் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன். இந்தியத் தேனீயின் உடல்வாகுக்கு ஏற்ற அளவில் பெட்டி செய்தார்.

கேள்வி (திருவட்டாறு வாசகர்): பெட்டி திறக்குமுன் வாழைப்பழம் சாப்பிடக் கூடாதாமே?

பதில்: கொட்டிய தேனீ விடும் அபாய வாசனையில் முக்கியப் பொருள் ஐசோஅமைல் அசிடேட். பழுத்த வாழைப்பழத்தில் மணப்பதும் அதுவே. மட்டிப்பழத்தை வேலை முடிந்தபின் உரியுங்கள். கொட்டு வாங்கினால் கொடுக்கை நகத்தால் உடனே வழித்துவிட்டு, அந்த இடத்தில் புகை காட்டுங்கள். மூச்சு முட்டினால் சுண்ணாம்பு தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி (அருமனை வாசகர்): ஆனி மழையில் பெட்டி இளைத்துவிட்டது. இருக்கிற கொஞ்சம் தேனையாவது எடுத்துவிடட்டுமா?

பதில்: பஞ்சத்தில் கிடப்பவர் வீட்டு அரிசிப்பானையில் கை வைக்கிறீர்களே! சர்க்கரையும் தண்ணீரும் சமமாகக் கலந்து சாயங்காலத்தில் வையுங்கள். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டிக்காரிகள் கொள்ளைக்கு வருவார்கள். தேனீ மூடாத வெற்று அடைகளை எடுத்துவிடுங்கள். மெழுகு அந்துப்பூச்சி அங்கேதான் குடியேறும். பெட்டிக்காலை நிறுத்திய கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் இருந்தால் எறும்பு ஏறாது. தை, மாசியில் ரப்பர் தளிர்க்கட்டும். உங்கள் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு பூவில் வருவதல்ல, ரப்பர் இலைக்காம்பில் சுரப்பது. அதுவரை பொறுங்கள்.