பயந்தால் விசுவாசம் இல்லையா?

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் அமோனியா கசிவு. அதிலிருந்து மழை இருட்டினாலும் பயம், காற்றில் வாடை வந்தாலும் பயம். "உனக்கு விசுவாசம் போதாது" என்கிறார் மாமியார். உண்மையா?
– வாசகி, மணலி புதுநகர்

பதில்: இல்லை, சகோதரி. கெத்செமனேயில் இயேசுவே கலங்கினார். அவரிடம் போய் விசுவாசம் போதாது என்று யார் சொல்வது? பேதுருவும் பயந்துதான் தண்ணீரில் மூழ்கினார். மூழ்குகிறவருக்கு நீண்ட ஜெபத்துக்கு ஏது நேரம்? ஒரே ஒரு கூப்பாடு, இயேசுவின் கை நீண்டுவிட்டது. அந்தப் பேதுருவுக்குத்தான் ராயபுரத்துப் படகுக்காரர்கள் கோயில் கட்டினார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குப் பயம் தெரியும்.

நம் தேவசகாயம் பிள்ளையைப் பாருங்கள். பயிரும் மாடும் போய் மனமுடைந்திருந்தவரிடம் டச்சுத் தளபதி டிலனாய் சொன்னது வெற்றிக் கதை அல்ல, யோபுவின் கதை! கடவுளிடமே நேருக்கு நேர் நியாயம் கேட்ட மனிதர் யோபு. அதைக் கேட்டுத்தான் பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு சிறை, சித்திரவதை, 1752இல் ஆரல்வாய்மொழியில் துப்பாக்கிக் குண்டு. விட்டுக்கொடுக்கவில்லை. 2022இல் புனிதரானார்.

ஆகவே பயத்தோடேயே ஜெபியுங்கள். கோபம் வந்தால் அதையும் கடவுளிடமே கொட்டுங்கள். மழை இருட்டினால் ரேஷன் அட்டையைப் பரணில் வையுங்கள். வாடை வந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே வெளியேறுங்கள். மாமியாரின் கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்கும் பயமாகத்தான் இருக்கும்.