கணினிக்கு முந்திய கிருஷ்ணன்

அரியாங்குப்பத்தில் என் பக்கத்து வீட்டுப் பையனுக்கு டென்னிஸ் வீரர் மராட் சாஃபினின் கணக்கு முழுவதும் மனப்பாடம். 2000-இல் அமெரிக்க ஓப்பன், அதே ஆண்டில் உலகின் முதலிடம், 2005-இல் ஆஸ்திரேலிய ஓப்பன், பரிசுப் பணம் ஏறக்குறைய 1.4 கோடி டாலர் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். அந்த ரஷ்யர் 2009-இல் மட்டையைக் கீழே வைத்தபோது இவன் பிறக்கவே இல்லை. எல்லாம் கைபேசி தந்த அறிவு. ராமநாதன் கிருஷ்ணனைத் தெரியுமா என்று கேட்டேன். "யாரு தாத்தா அது, கிரிக்கெட்டா?" என்றான்.

எனக்கு மனசு ஆறவில்லை.

நாங்கள் அரிக்கமேட்டு மாந்தோப்பில் கில்லி ஆடிய காலத்தில் எங்களில் யாரும் டென்னிஸ் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் கிருஷ்ணனைத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா தாத்தா ஒருவர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வார்: "அவரு விம்பிள்டன் ஜூனியர் பட்டம் ஜெயிச்சப்ப நம்மூர்ல பிரெஞ்சுக் கொடிடா!" உண்மைதான். அது 1954 ஜூலை. நவம்பர் 1-ஆம் தேதிதான் இங்கே கொடி மாறியது. ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை முதலில் வென்றவர், சென்னை லயோலாவில் படித்த நம் கிருஷ்ணன். கால் நூற்றாண்டு கழித்து, 1979-இல், மகன் ரமேஷும் அதே பட்டத்தை வென்றார்.

1966-ஐ நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. கல்கத்தாவில் பிரேசிலுடன் டேவிஸ் கோப்பை ஆட்டம், இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது. கடைசி ஆட்டத்தில் தாமஸ் காக் இரண்டு செட் எடுத்துவிட்டார். நான்காவது செட்டிலும் 5-2 என முன்னால் நிற்கிறார். அங்கிருந்து கிருஷ்ணன் 7-5 என்று அந்த செட்டைப் பிடுங்கி, அடுத்ததை 6-2 என்று முடித்தார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குப் போனது. கடலூர் சாலை டீக்கடையில் செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்க, நாங்கள் சுற்றி நின்று கேட்டோம்.

இத்தனையும் பையனுக்கு எப்படித் தெரியாமல் போனது? அவன் பார்க்கும் கணினித் தரவரிசை தொடங்கியதே 1973-இல். விம்பிள்டனில் பரிசுப் பணம் வந்தது 1968-இல். கிருஷ்ணனின் உச்சக்காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. தொழில்முறை ஆட்டக்காரராக வரச்சொல்லி, அத்தகைய ஆட்டங்களை நடத்திய ஜாக் கிராமர் பெரும் தொகை காட்டி அழைத்தார். போயிருந்தால் அன்றைய விதிப்படி விம்பிள்டனும் இல்லை, டேவிஸ் கோப்பையும் இல்லை. கிருஷ்ணன் மறுத்துவிட்டார். நாட்டுக்காக ஆடுவதற்காகப் பணத்தை விட்டவர், பணத்தை வைத்து வீரர்களை அளக்கும் பட்டியலில் இன்று கண்ணில் படாமல் போகிறார். இது பெரிய அநியாயம்.

பையனை உட்கார வைத்து ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதிக்கு சாஃபின் போனது ஒரு முறை, 2008-இல். கிருஷ்ணன் 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு முறை. இரண்டாம் முறை காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்திவிட்டுப் போனார். முதல் முறை அவரைத் தோற்கடித்தவர் நீல் ஃப்ரேசர், அடுத்த முறை ராட் லேவர். அந்தந்த ஆண்டின் பட்டமும் அவர்களுக்கே போனது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். கிருஷ்ணனுக்குப் பிறகு இந்த அறுபது ஆண்டுகளில் எந்த இந்தியரும் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதியை எட்டியதில்லை.